மூக்கை அளந்தவர்களும் ரத்தம் எடுப்பவர்களும்

(கல்லங்குறிச்சியில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில் ஒரு தாயார் நம்மை நிறுத்தினார். கையில் ஒரு சீட்டு வைத்திருந்தார். "ஊருக்குள் முகாம் போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள் தம்பி. அந்த ரத்தத்தைப் பார்த்தே யார் எந்த ஜாதி என்று சொல்லிவிடுவார்களாமே, நிஜந்தானா?" என்று கேட்டார். நாம் இன்று வேறு விஷயம் பேசுவதாகத்தான் இருந்தது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இந்தக் கேள்வி ஒரு தாயாருடைய கேள்வி மட்டுமல்ல. நூற்றைம்பது வருஷமாக இந்த நாட்டில் பெரிய பெரிய உத்தியோகஸ்தர்களும் பண்டிதர்களும் இதே கேள்வியைத்தான் கையில் கருவிகளை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கல்லை உடைக்கும்போது சிப்பி சிப்பியாக உதிர்வதைப் பார்க்காதவர் யார்? உள்ளங்கையை நிறைக்கிற கிளிஞ்சல், பூப்போட்ட மாதிரி வரி விழுந்த கடல் முள்ளெலி எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன. சமுத்திரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்! ஆனால் ஏறக்குறைய ஏழு கோடி வருஷங்களுக்கு முன் இந்த இடமே கடலடியாக இருந்தது. 1862-ல் பிளான்போர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி இந்தப் பிரதேசத்துப் பாறைகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். இந்தச் சுண்ணாம்புப் பாறையை இன்று உலகத்து விஞ்ஞானிகள் "கல்லங்குறிச்சிப் படிவம்" என்றே அழைக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் அந்தக் காலத்துக் கடலைப் பற்றி எழுத முடியாது.

எதற்குச் சொல்கிறோம்? கீழடுக்கில் ஒரு தினுசுச் சிப்பி, மேலடுக்கில் வேறு தினுசு. ஜீவராசிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதற்கு நீங்கள் கூலிக்கு உடைக்கிற கல்லே சாட்சி. அந்த ஏழு கோடி வருஷத்தை ஒரே ஒரு நாளாகச் சுருக்கிப் பாருங்கள். நம்மைப் போன்ற மனிதன் ஆப்பிரிக்காவில் தோன்றிச் சுமார் மூன்று லட்சம் வருஷம். அந்த ஒரு நாளில் அது கடைசி ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில் கடைசிச் சில விநாடிகளில்தான் ஜாதி வருகிறது. அந்தச் சில விநாடிக்காரர்கள்தான் "ஆதியிலிருந்தே நாங்கள் வேறு, நீங்கள் வேறு" என்கிறார்கள்!

நமக்கு முந்திய மனிதர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்களா? இருந்தார்கள். 1863 மே மாதம் புரூஸ் புட் என்ற இன்னொரு பூகர்ப்ப சாஸ்திரி, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் ஏராளமாகக் கிடைத்தன. அந்தக் கல் எத்தனை வயசு என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவரது குழுவினரும் அதே இடத்தில் பல வருஷம் தோண்டி, 2011-ல் கணக்கை வெளியிட்டார்கள். வயசு சுமார் பதினைந்து லட்சம் வருஷம்! எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வானவெளியிலிருந்து விழுகிற கதிர்கள் கல்லின் மேல் பட்டு அதில் சில விசேஷ அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துபோனால் புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பது மட்டும் ஒரு நிதானமான வேகத்தில் அழிந்துகொண்டே வரும். மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் புதைந்து எவ்வளவு காலம் என்று தெரிந்துவிடும். 2018-ல் மேலடுக்கு மண்ணுக்கு வேறொரு முறையைக் கையாண்டார்கள். மணல் கடைசியாக எப்போது சூரிய வெளிச்சத்தைப் பார்த்தது என்று அளக்கிற முறை. அதன்படி, கோடரியை விட்டுச் சிறிய, நுட்பமான கல்லாயுதங்களுக்கு அந்த மக்கள் மாறியது சுமார் 3,85,000 வருஷங்களுக்கு முன். ஆனால் அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆயுதம் இருக்கிறது, அதைப் பிடித்த கை இல்லை. ஆகவே அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று யாராவது அடித்துப் பேசினால் நம்பாதீர்கள்.

சரி, உயிரோடிருக்கிற மனிதரை ஆராய்ந்த கதைக்கு வருவோம். இது கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்த கதை.

வெள்ளையர் ஆட்சியில், 1885-லிருந்து சென்னை மியூசியத்தின் தலைவராக எட்கார் தர்ஸ்டன் என்ற துரை இருந்தார். தலையை அளக்க ஒரு கவைக்கோல், உயரத்தை அளக்க ஒரு கம்பம். இவற்றைத் தூக்கிக்கொண்டு மலை, காடு, சந்தை, எங்கும் போனார். தலை நீளம், தலை அகலம், மூக்கு நீளம், மூக்கு அகலம் என்று குறித்துக்கொண்டே போனார். 1909-ல் ரங்காச்சாரி என்பவர் துணையோடு தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு பெரிய புஸ்தகங்கள் வெளியிட்டார். ஜனங்கள் அவரைக் கண்டு எப்படிப் பயந்தார்கள் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உருப்படிகளைப் பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தப் போகிறார் என்று நினைத்தார்களாம். நீலகிரியில் ஒரு இருளர், உயரம் அளக்கிற கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி மறுத்துவிட்டாராம். துரை இதை வேடிக்கையாக எழுதினார். நமக்கு வேடிக்கையாகப் படவில்லை. சர்க்கார் மனிதர் கையில் கருவியோடு வந்தால் வரியோ, வேட்டோ, தூக்கோ என்று பயப்படுவதற்கு அந்த ஏழைகளுக்கு அனுபவம் இருந்தது.

இவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்: ரிஸ்லி துரை. 1901-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவர். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கி வருகிற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு 'சட்டம்' கண்டுபிடித்தார். மூக்கு அகலமாக ஆக ஆக ஜாதி அந்தஸ்து இறங்கிக்கொண்டே போகிறதாம்! மூக்கிலே எழுதி வைத்திருக்கிறதாம் யார் மேல், யார் கீழ் என்று! நாற்று நடுகிறவன் ஏன் நாற்று நடுகிறான், நிலத்தை வைத்திருக்கிறவன் ஏன் நிலத்தை வைத்திருக்கிறான் என்பதற்கு ஆளும் வர்க்கத்துக்கு எவ்வளவு சௌகரியமான பதில் பாருங்கள்.

இந்தக் கட்டிடம் இடிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இடித்தவர்களும் அளந்தவர்கள்தான், ஆனால் யோக்கியமாக அளந்தார்கள். அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ் என்ற பேராசிரியர், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய சுமார் 18,000 பேரை அளந்து 1912-ல் முடிவை வெளியிட்டார். அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை, தாய்நாட்டில் பிறந்தவர்களின் தலையிலிருந்து மாறியிருந்தது. சாப்பாடும் வாழ்க்கையும் மாறினால் எலும்பும் மாறுகிறது! கூழைக் குடித்து வளர்ந்த பிள்ளையையும் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி அளந்து, வித்தியாசத்துக்கு 'ரத்தம்' என்று பெயர் வைக்கலாமா?

நம் நாட்டில் பம்பாயில் குர்யே என்ற அறிஞர் 1932-ல் ரிஸ்லியின் அளவுகளையே எடுத்துப் பிரித்துப் பார்த்து, அந்தச் 'சட்டம்' எல்லா மாகாணத்துக்கும் பொருந்தவில்லை என்று காட்டினார். 1948-ல் தீண்டப்படாதார் பற்றி எழுதிய நூலில் டாக்டர் அம்பேத்கர் அந்த மூக்குக் கணக்கையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார். உங்கள் அளவுகோலின்படியே பார்த்தாலும் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனந்தானே என்று மடக்கினார். எதிரியின் கம்பைப் பிடுங்கி அவனையே அடிப்பது என்பது இதுதான்.

கல்கத்தாவில் மகலநோபிஸ் செய்தது இன்னும் ஆழமான வேலை. மாட்டுச் சந்தையில் நீங்கள் மாடு பிடிக்கிறபோது கொம்பை மட்டுமா பார்க்கிறீர்கள்? பல், திமில், கால், சுழி, நடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. உயரமான மாடு நீளமாகவும் இருக்கும். உயரத்துக்கு ஒரு மார்க்கு, நீளத்துக்கு ஒரு மார்க்கு என்று தனித்தனியே போட்டால் ஒரே குணத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். இந்த இரட்டைக் கணக்கைக் கழித்துவிட்டு, பல அளவுகளையும் சேர்த்து ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள 'தூரம்' எவ்வளவு என்று சொல்லும் கணிதத்தை மகலநோபிஸ் உண்டாக்கினார். 1936-ல் அது முழு உருவம் பெற்றது. இன்று உலகம் முழுவதும் மனிதரை மட்டுமல்ல, எத்தனையோ விஷயங்களை ஒப்பிட இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பே வங்காளத்து அளவுகளை அவர் ஆராய்ந்தபோது, வங்காளத்துப் பிராமணர் வெளிமாகாணத்துப் பிராமணரைவிடத் தம் ஊர் மற்ற ஜாதியாரையே அதிகம் ஒத்திருப்பதைக் கண்டார். பக்கத்து வீட்டுக்காரன்தான் உறவு!

அளவுகோல் போய் ஊசி வந்தது. ரத்தத்தில் வகைகள் உண்டென்று லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தார். முதல் உலக யுத்தத்தின் கடைசியில், கிரேக்க நாட்டு சலோனிக்காவில், ஹிர்ஷ்பெல்டு என்ற டாக்டர் தம்பதிகள் பல தேசத்துச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்து 1919-ல் வெளியிட்டார்கள். அதில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. கூழோ பாலோ, எதைக் குடித்தாலும் ரத்த வகை மாறாது. ஆகவே பரம்பரையை ஆராய இது மூக்கைவிட நம்பிக்கையான சாட்சி. ஆனால் இந்தச் சாட்சி என்ன சொல்லிற்று? எந்த ஜாதியிலும் எல்லா வகையும் இருக்கின்றன. விகிதந்தான் கொஞ்சம் கூடக் குறைய. பிரசவத்தில் ரத்தம் போய் உயிருக்குப் போராடுகிற பெண்ணுக்கு வேறு தெருக்காரன் ரத்தம் சேரும், கூடப் பிறந்த அண்ணன் ரத்தம் சேராமலும் போகும். 1972-ல் லெவண்டின் என்ற விஞ்ஞானி உலகத்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். மனிதருக்குள் உள்ள மொத்த வித்தியாசத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு ஒவ்வொரு ஜனக்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்றார்.

இங்கே ஹால்டேனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லண்டனில் தொழிலாளர் பத்திரிகையான 'டெய்லி ஒர்க்கரி'ல் உங்களைப் போன்றவர்களுக்காக நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர் அவர். 1957-ல் இந்தியாவுக்கே வந்து மகலநோபிஸின் நிலையத்தில் சேர்ந்தார், இந்தியப் பிரஜையானார், 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். 1949-ல் அவர் ஒரு விஷயம் சொன்னார்: சில ரத்த வியாதிகள் சில ஊர்களில் ஏன் ஒழியாமல் தங்கியிருக்கின்றன? அங்கே மலேரியா இருப்பதால் இருக்கலாம் என்றார். 1954-ல் ஆலிசன் என்ற டாக்டர் கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் செல் வியாதியில் அதை மெய்ப்பித்தார். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரே ஒரு கோளாறான கூறு வந்தால் ஆள் சுகமாக இருப்பார், மலேரியாவையும் தாங்குவார். இருவரிடமிருந்தும் வந்தால் ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்து, வலியும் சோகையும் வாட்டும். 1952-லேயே லேமனும் கட்புஷும் நம் நீலகிரி ஆதிவாசிகளிடம் இதைக் கண்டறிந்திருந்தார்கள். அந்த மக்கள் கொசுக்காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து நின்றதன் விலை இது. ஒரு கூறு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். இதை முன்னாலேயே அறிய ரத்தப் பரிசோதனைதான் வழி. 2023-ல் மத்திய சர்க்கார் ஆதிவாசிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதாக ஒரு திட்டம் ஆரம்பித்தது. இப்படிப்பட்ட ரத்தம் எடுத்தலை நாம் எதிர்க்க மாட்டோம். ஏன் நம் பக்கம் வரவில்லை என்றுதான் கேட்போம்.

இப்போது 'டி.என்.ஏ.' காலம். நம் உடம்பின் அணுக்களுக்குள் நூல் மாதிரி சுற்றிக் கிடக்கிறது அது. இரண்டு மனிதரை எடுத்தால் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு எழுத்துதான் வித்தியாசம். பஞ்சாலைத் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி மாற்றி முடிந்துகொண்டே போனால் என்ன ஆகும்? முதலில் நீளமான சிவப்பு, நீளமான வெள்ளை. தலைமுறை ஆக ஆகத் துண்டுகள் குட்டையாகிவிடும். துண்டின் நீளத்தை அளந்தால் கலந்து எத்தனை தலைமுறை என்று சொல்லலாம். ஐதராபாத் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த தங்கராஜும் அமெரிக்க விஞ்ஞானிகளும் இப்படித்தான் அளந்தார்கள். 2009-லும் 2013-லும் வெளியிட்டார்கள். இந்திய நிலப்பரப்பில் அவர்கள் பார்த்த கூட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே பழைய இரண்டு பெரிய வம்சங்களின் கலப்பு. சுமார் 4,200 வருஷங்களுக்கு முன்னிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்வரை எல்லோரும் எல்லோருடனும் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. அவரவர் ஜாதிக்குள்ளேயே கல்யாணம். கலந்துதான் பிறந்தோம், பிறகுதான் சுவர் எழுப்பினார்கள். சுத்த ரத்தம் என்று மார்தட்டுகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்!

செத்தவர் எலும்பிலும் இந்த நூலைத் தேடுகிறார்கள். நம் நாட்டு வெயிலில் அது சீக்கிரம் மக்கிவிடும். அரியானாவில் ராகிகடி என்ற சிந்துவெளி ஊரில் 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் கொஞ்சம் கிடைத்தது என்று 2019-ல் எழுதினார்கள். ஒரு பெண்ணின் எலும்பை வைத்துக்கொண்டு அரசியல்வாதிகள் எத்தனை மேடையில் எத்தனை விதமாகப் பேசினார்கள்!

நம் பக்கத்திலும் அப்படி நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், பிரமலைக் கள்ளர் சிலரிடம் ஒரு மிகப் பழைய அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக நடந்து வந்தவர்களின் தந்தை வழி அடையாளம் அது. ஆஸ்திரேலிய ஆதிவாசிகளிடமும் அந்த வழி உண்டு. அருமையான கண்டுபிடிப்பு. பத்திரிகைகள் உடனே "முதல் இந்தியன்" என்று கொட்டை எழுத்தில் போட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர். தகப்பன், அவன் தகப்பன் என்று பிடித்துப் போகிற வழி அதில் ஒரே ஒருவரைத்தான் காட்டும். மற்ற 1,023 பேர் எங்கே? வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. இதே மக்களைத்தான் வெள்ளையன் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தினான். கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுத் தள்ளினான். பிறப்பிலேயே குற்றம் என்று சொல்ல அன்றைக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை.

இனி தாயாரின் கேள்விக்கு வருவோம். ஜாதிக்கென்று ஒரு கூறு உடம்பில் கிடையாது. முகாமில் பார்க்கிற சாதாரணச் சோதனையில் ஜாதி தெரியவே தெரியாது. ஆனால் நாம் ஒளிக்கக் கூடாது: இரண்டாயிரம் வருஷம் ஒரே வட்டத்துக்குள் கல்யாணம் செய்ததால், முழு நூலையும் படித்து, ஏற்கெனவே சேகரித்த மாதிரிகளோடு ஒப்பிட்டால், எந்த வட்டத்தார் என்று ஓரளவு ஊகிக்கலாம். அது காட்டுவது உயர்வு தாழ்வை அல்ல, யார் யாரைக் கட்டினார்கள் என்பதை. அந்த வட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. விதை நெல்லை ஒரே கதிரிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நோய் வந்தால் வயலே போகும் அல்லவா? 2017-ல் 275-க்கு மேற்பட்ட கூட்டங்களைச் சேர்ந்த 2,800 பேருக்கு மேல் சோதித்தபோது, 81 கூட்டங்களில் இந்த அபாயம் கடுமையாக இருப்பதைக் கண்டார்கள். வைசிய சமூகத்தாரில் சிலருக்கு, ஆபரேஷனுக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சீக்கிரம் இறங்காது; மூச்சு நின்றுபோகும். விவரம் தெரிந்த டாக்டர் முன்னாலேயே விசாரிப்பார்.

மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணம் பற்றியும் தாய்மார்கள் கேட்பீர்கள். வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் 1970-களில் வட ஆற்காட்டில் வீடு வீடாக விசாரித்தார்கள். கிராமங்களில் ஏறக்குறையப் பாதிக் கல்யாணங்கள் உறவுக்குள்தான். எதிர்பார்த்த அளவுக்குக் கெடுதல் அவர்கள் கணக்கில் தெரியவில்லை. அதற்காக அபாயமே இல்லை என்று அர்த்தமில்லை; அபூர்வமான வியாதிகள் இப்படிப்பட்ட சராசரிக் கணக்கில் சிக்காது. குடும்பத்தில் பிறவிச் செவிடோ, காரணம் தெரியாத குழந்தை மரணமோ இருந்தால் உறவில் பெண் எடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

கொடுத்த ரத்தம் எங்கே போகிறது என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற ஆதிகுடிகள், தங்களை வாட்டிய சர்க்கரை வியாதிக்குக் காரணம் கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி 1990-லிருந்து அரிஸோனா மாகாணப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், எங்கிருந்து குடியேறினார்கள் என்பது பற்றியும் அவர்களைக் கேட்காமல் ஆராய்ந்தார்கள். வழக்குப் போட்டார்கள், விடவில்லை. 2010-ல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்தது, ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. நம் நாட்டிலும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுப்பவர் எதற்கு என்று உங்கள் பாஷையில் சொல்ல வேண்டும். சம்மதம் வாங்க வேண்டும். நடுவில் வேண்டாமென்று விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. காகிதத்தைப் படித்துக் காட்டாமல் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாரின் சீட்டை வாங்கிப் பார்த்தோம். ஆராய்ச்சியும் இல்லை, ஜாதியும் இல்லை. சோகைக்குப் பார்த்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 8 என்று எழுதியிருக்கிறது. 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டியது. மாத்திரை கொடுத்தார்களா அம்மா என்று கேட்டோம். "சீட்டைத்தான் கொடுத்தார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை" என்றார். நாளைக் காலை அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போக இந்த ஊர் வாலிபர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதே முகாமில் சீட்டு வாங்கியவர்கள் இன்னும் இருந்தால், கலைந்து போகுமுன் எடுத்து வந்து காட்டுங்கள், படித்துச் சொல்கிறோம்.